வரைவிலக்கணத்தில் தொடங்கி வரைவிலக்கணத்தில் முடியும் உளவியல்

உளவியல் அறிமுக வகுப்பின் முதல் நாள் எவ்வாறு கழியும் என்பதைக் கலைப் பீட மாணவர் எவரும் நன்கறிவர். மனிதரதும் விலங்குகளதும் நடத்தையை விஞ்ஞான முறையில் ஆராயும் கற்கைநெறியே உளவியல் என்னும் வரைவிலக்கணம் இருமுறை வாசிக்கப்படும். மாணவர் எழுதிக்கொள்வர். அடுத்து அச்சொல்லின் கிரேக்க வேர் கூறப்படும். அதனையடுத்து 1879 ஆம் ஆண்டு, லைப்சிக் நகரம், வில்ஹெல்ம் வூண்ட், முதலாவது உளவியல் ஆய்வுகூடம். பின்னர் அமைப்புவாதம், தொழிற்பாட்டுவாதம், நடத்தைவாதம், கெஸ்ரால்ட் வாதம், உளப்பகுப்புவாதம் என வாதங்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஓர் ஆண்டு, மூன்று குறைபாடுகள். பருவ இறுதியில் அதே வரிசை விடைத்தாளில் ஏறித் திரும்பிச் செல்லும். இவ்விதம் பயின்று உயர்ந்த சித்தி பெறும் மாணவர் ஒருவர் அப்பருவம் முழுவதிலும் ஒரு மனிதரையேனும் உற்றுநோக்கியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. மனிதரைப் பற்றிய கல்வி மனிதரைப் பாராமலே நிறைவுறுவது விந்தையிலும் விந்தையாகும்.

அவ்விந்தைக்கு எதிரான கண்டனமே இக்கட்டுரை. உளவியலின் முதற்பாடம், மாணவர் தாம் அறிந்த மனிதரை முறைப்படி கவனிப்பதிலிருந்து தொடங்குதல் வேண்டும். வரைவிலக்கணமும் வாதங்களும் அக்கவனிப்பிலிருந்து எழும் வினாக்களுக்கு விடையாக வந்து சேர்தல் வேண்டும் என்பதே இங்கு வற்புறுத்தப்படுவது. எழுதுவோன் கந்தப்பளைத் தோட்டமொன்றிற் பிறந்து வளர்ந்தவன் ஆதலின் எடுத்துக்காட்டுகள் அங்கிருந்து வருகின்றன. வாதமோ மட்டக்களப்பு வயல்வெளிக்கும் மன்னார்க் கடற்கரைக்கும் கொழும்பு முடுக்குகளுக்கும் ஒருங்கே பொருந்தும்.

முதற்கண் நாம் மனனஞ் செய்யும் அம்முன்னோடிகளையே சாட்சிக்கு அழைப்போம். வூண்ட் எதற்காக ஆய்வுகூடம் அமைத்தார்? மனத்தைப் பற்றி இருந்த இடத்திலிருந்தே ஊகிப்பது போதாது, கடிகாரமும் கருவியும் கொண்டு அளத்தல் வேண்டும் என்று கருதியமையாலன்றோ? அவருடைய மாணவர்கள் ஒருநாள் பரிசோதிப்பவராகவும் மறுநாள் பரிசோதிக்கப்படுபவராகவும் தாமே அமர்ந்தனர். ஹெர்மன் எபிங்ஹோஸ் தம்மையே ஆய்வுப் பொருளாக்கினார். பொருளற்ற அசைகளை மனனஞ் செய்து, மறந்து, மீளக் கற்று, 1885 ஆம் ஆண்டில் தமது முடிவுகளை வெளியிட்டார். ஒரு நாள் கழிந்தபின் முதலிற் செலவிட்ட முயற்சியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே மிச்சப்படுகின்றது என்பதும், பொருளுள்ள கவிதை அடிகளை மனனஞ் செய்வதற்குப் பத்திலொரு பங்கு முயற்சியே போதுமானது என்பதும் அவர் கண்டவை. பொருளோடு பிணைக்கப்படாத பாடம் விரைந்தழியும் என்பதை நிறுவிய அவ்வறிஞரின் பெயரையும் ஆண்டையும் நாம் பொருளற்ற அசைகளாகவே மனனஞ் செய்கின்றோம். பரீட்சை முடிந்து ஒரு வாரத்தில் மறந்தும் விடுகின்றோம். எபிங்ஹோஸின் முடிவுக்கு இதனிலும் சிறந்த நிரூபணம் உண்டோ?

எம்மிற் பலர் உயர்தர வகுப்பில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் என்னும் பாடத்தைக் கற்றவர்கள். மில் வகுத்த ஒற்றுமை முறை, வேற்றுமை முறை ஆகியவற்றை உறக்கத்திலும் ஒப்புவிக்கக்கூடியவர்கள். அம்முறைகளைக் கையாள்வதற்கு ஏற்ற முதற்களம் உளவியலே. எனினும் அங்கும் எமக்குக் கிடைப்பது மற்றொரு மனனப் பட்டியல். கருவியைக் கையிற் கொடுத்து மூன்றாண்டுகள் அதைத் துடைத்து வைக்கச் சொல்லும் கல்வி இது.

இரண்டாவது குறை இதனிலும் பாரதூரமானது. பாடநூல் பேசும் மனிதர் யாவர்? அமெரிக்க உளவியற் சஞ்சிகைகள் சிலவற்றை ஆராய்ந்த ஜெஃப்ரி ஆர்னெற் என்பார் 2008 ஆம் ஆண்டில் ஒரு கணக்கை முன்வைத்தார். ஆய்வுகளுக்குட்பட்டோருள் நூற்றுக்கு 96 பேர் மேற்கத்திய கைத்தொழில் நாடுகளைச் சேர்ந்தோர். அந்நாடுகளில் வாழ்வதோ உலக மக்களுள் நூற்றுக்குப் பன்னிருவரே. அவ்வாய்வுகளிற் கணிசமானவற்றுக்கு உட்பட்டோர் அங்குள்ள பல்கலைக்கழக மாணவரே. 2010 ஆம் ஆண்டில் ஹென்றிக்கும் அவர்தம் சகாக்களும் இக்குறையை விரிவாக எடுத்துக்காட்டிய பின்னர், மேற்குலக உளவியலாளரே தம் நூல்களை மீள்பரிசீலனை செய்யத் தலைப்பட்டனர். எம் வகுப்புகளிலோ "மனிதன்" என்னும் ஒருமைச் சொல் இன்னும் ஐயமின்றி வழங்குகின்றது. அம்மனிதன் லயத்தில் வாழ்ந்தவன் அல்லன். விடியுமுன் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு மலையேறியவள் அல்லள்.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழும். கற்றலின் விதிகளும் புலன்காட்சியின் விதிகளும் எங்கும் ஒன்றே; அமெரிக்கப் புறாவுக்கு ஒரு விதி, கந்தப்பளைத் தொழிலாளிக்கு ஒரு விதி என்றில்லை; ஆகவே அடிப்படைகளை முதலிற் கற்பித்தலே முறை என்பர். இம்மறுப்பிற் பாதி உண்மை உண்டு. அவ்வுண்மைப் பாதியே எமது வாதத்துக்கு அரணாகின்றது. விதி எங்கும் ஒன்றேயாயின் அதனை எம் மலையிலும் காணலாமன்றோ? காணக்கூடியதைக் காட்டாது விடுவதேன்?

கெஸ்ரால்ட் வாதிகளின் உருவும் பின்னணியும் என்ற கருத்தை எடுத்துக்கொள்வோம். பாடநூலில் அதற்குரிய படம், பூச்சாடியாகவும் இரு முகங்களாகவும் மாறி மாறித் தோன்றும் ரூபினின் சித்திரமாகும். தேயிலை மலையைப் பார்க்க வரும் உல்லாசப் பயணிக்குப் பசுமை விரிப்பே உருவம்; கூடை சுமந்த பெண்கள் அதன்மேற் சிதறிய வண்ணப் பொட்டுகள். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கோ அப்பசுமை முழுவதும் பின்னணியாய் ஒதுங்கிவிட, இரண்டிலையும் ஒரு மொட்டும் மாத்திரமே உருவமாய் முன்னெழுகின்றன. முற்றிய இலையினின்றும் கொழுந்தைக் கண்ணிமைப்பொழுதிற் பிரித்தறியும் அக்கண், நீண்ட பயிற்சி புலன்காட்சியை எங்ஙனம் மாற்றியமைக்கும் என்பதற்கு எந்த ஆய்வுகூடத்துக்கும் குறையாத சான்றாகும். கந்தப்பளையிற் பூமலை என்று எம்மவர் வழங்கும் ஹெதர்செட் தோட்டத்தின் தொழிற்சாலை 1996 ஆம் ஆண்டில் உல்லாச விடுதியாயிற்று. கொழுந்து வாட்டிய மாடிகள் விருந்தினரின் படுக்கையறைகளாயின. ஒரே கட்டடத்தை நோக்கும் விருந்தினரும் முன்னாள் தொழிலாளியும் ஒன்றையே காண்கின்றனரா? புலன்காட்சி பற்றிய அத்தியாயத்தின் ஆரம்ப வினா இதுவாக இருந்தால் எந்த மாணவர் கொட்டாவி விடுவார்?

இனிக் கற்றல். ஃபெர்ஸ்ரரும் ஸ்கின்னரும் 1957 இல் வெளியிட்ட நூல், பரிசு வழங்கும் ஒழுங்கு மாறும்போது புறாவின் உழைப்பு எவ்வாறு மாறுகின்றது என்பதை விளக்குகின்றது. காலத்துக்கேற்ற பரிசு, அளவுக்கேற்ற பரிசு என்ற வேறுபாடு மாணவர் பலருக்குப் பரீட்சை மண்டபத்தில் குழம்பிப் போகும். தோட்டத்துப் பிள்ளைக்கு அது குழம்பவே நியாயமில்லை. நிர்ணயித்த அளவு கொழுந்தெடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், விடுமுறை நாளில் எடுத்தால் கிலோக் கணக்கிற் கைக்காசு. மடுவத்தில் நிறுவையின்போது ஈரத்துக்கென்று கழிவு. இம்மூன்று ஒழுங்குகளின் கீழும் அதே கைகள் வெவ்வேறு வேகத்தில் இயங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்க்கு ஸ்கின்னர் அந்நியர் அல்லர். அதேவேளை அவர் ஸ்கின்னரிடம் ஒரு வினாவையும் தொடுப்பார். கூண்டிலே பரிசின் அளவைப் புறா தீர்மானிப்பதில்லை. மலையில் அதனைத் தீர்மானிப்பவர் யார்? அவ்வினாவை எழுப்பும் மாணவரிடம் "அது பொருளியற் பாடம்" என்று கூறிக் கதவடைத்தல் விரிவுரையாளர்க்கு அழகன்று. ஒரு துறையின் எல்லை எங்கே முடிகின்றது என்பதை அறிதலும் அறிமுகப் பாடத்தின் பகுதியேயாகும்.

மறுப்பின் எஞ்சிய பாதியோ பிழையானது. விதிகள் பொதுவாயினும், அவற்றை அறிவதற்கென நாம் கேட்கும் கேள்விகள் பொதுவானவையல்ல. 1931, 1932 ஆம் ஆண்டுகளில் சோவியத் உளவியலாளர் லூரியா உஸ்பெக்கிஸ்தான் கிராமங்களுக்குச் சென்றார். பனி மூடிய தூர வடக்கிற் கரடிகளெல்லாம் வெள்ளை. இன்ன இடம் தூர வடக்கில் உள்ளது. அங்குள்ள கரடி என்ன நிறம் என்று எழுத்தறியா விவசாயிகளிடம் கேட்டார். அங்கே சென்று கண்டதில்லை, காணாததைப் பற்றி எவ்வாறு கூறுவது என்ற கருத்திலே பலர் விடை பகர்ந்தனர். இவ்விடையைச் சிந்தனை வளர்ச்சியின் குறைவென்று கொள்ளலாம். கண்டறியாததைச் சொல்லாத நேர்மையென்றும் கொள்ளலாம். பாடசாலைக் கேள்வி என்னும் விளையாட்டின் விதிகள் பழக்கமில்லாமை என்றும் கொள்ளலாம். லைபீரியாவில் வாய் மக்களிடையே ஆய்வு நடத்திய ஸ்கிரிப்னரும் கோலும் 1981 இல் வெளியிட்ட நூல் இம்மூன்றாம் வழியிலேயே எம் சிந்தனையைச் செலுத்துகின்றது. எழுத்தறிவு தன்னளவிற் சிந்தனை முழுவதையும் மாற்றிவிடுவதில்லை. பாடசாலையிற் பெறும் பழக்கமே இத்தகைய கேள்விகளுக்கு விடை கூறும் ஆற்றலைத் தருகின்றது என்பது அவர்தம் முடிவு. விடையை வைத்து மனிதரை அளக்குமுன் வினாவை அளத்தல் வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

இதுவரை கூறியவை வெறும் கற்பித்தல் முறை பற்றிய தகராறென எவரேனும் எண்ணுவராயின், இனிக் கூறப்படுவதை மனங்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். இப்பாடத்தை அரைகுறையாகக் கற்று வெளியேறுவோருட் பலர் ஆசிரியராகின்றனர். ஆசிரியப் பயிற்சியிலும் கல்வி உளவியல் என்ற பெயரில் இதே பட்டியலின் சுருக்கத்தையே மீண்டும் கற்கின்றனர். பின்னர் தோட்டப் பாடசாலைக்குச் செல்கின்றனர். அங்கே அவர்கள் கையில் எஞ்சியிருப்பது ஒரு சொல்: "மந்தம்". நுண்மதி ஈவு, மெல்லக் கற்போர், கவனக் குறைபாடு என்னும் கலைச்சொற்கள் அதற்கு விஞ்ஞானச் சட்டை அணிவிக்கின்றன.

நுண்மதிச் சோதனையின் வரலாற்றை ஒழுங்காகக் கற்றவர் இச்சொல்லை உச்சரிக்கத் தயங்குவர். அல்பிரட் பினே 1905 ஆம் ஆண்டில் சிமோனுடன் சேர்ந்து பாரிஸிற் சோதனையை ஆக்கியது, விசேட உதவி வேண்டிய பிள்ளைகளை இனங்கண்டு உதவும் பொருட்டேயாம். நுண்மதி மாறாத அளவுடையது என்று கூறுவோரை அவர் 1909 ஆம் ஆண்டிலேயே வன்மையாகக் கண்டித்தார். அச்சோதனை அமெரிக்கா சென்றதும் அதன் நோக்கம் தலைகீழாயிற்று. கொடார்ட் என்பார் அதனை எலிஸ் தீவில் வந்திறங்கிய குடியேற்றக்காரரிடம் நடத்தினார். நெடுங் கடற்பயணத்தாற் களைத்து, அந்நிய மொழியில், அந்நிய அதிகாரியின் முன் நின்ற அம்மக்களுட் பெரும்பாலோர் மந்தபுத்தியினர் என 1917 இல் முடிவுகூறினார். பிழைப்பு நாடிக் கடல் கடந்தோரை அளப்பதற்கு அவர் பயன்படுத்திய கோல் அது. 1823 முதல் கடல் கடந்து இம்மலைகளுக்கு வந்தோரின் வழித்தோன்றல்களாகிய நாம், 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் ஒருமுறை நாடற்றவராக்கப்பட்டோம். எம் பிள்ளைகள் வகுப்பறையில் மதியற்றவர் என மறுமுறை எழுதப்படுவதை எங்ஙனம் பொறுப்பது?

தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்ட பின்னர், 1977 முதலே தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் பொறுப்பில் வந்தன. தலைமுறை தலைமுறையாக ஓராசிரியர் பள்ளியோடு நின்றுவிட்ட சமூகத்தின் பிள்ளை வகுப்பிலே வாய்திறவாதிருக்கின்றது. பயிற்சி பெற்ற கண் அங்கே பல வினாக்களைக் காணும். துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் முன்னால் கைகட்டி நிற்கும் பெற்றோரைப் பார்த்து, பெரியவர் முன் மௌனமே மரியாதை என்று இப்பிள்ளை கற்றதா? வீட்டில் வழங்கும் பேச்சு மொழியைப் பேசினால் ஏனையோர் சிரிப்பர் என்ற அச்சமா? காலையில் உண்டதா? லயக் காம்பராவில் இரவு உறங்க இடமிருந்ததா? காது கேட்கின்றதா? ஐந்து வினாக்களையும் ஆராய்ந்தபின் வேண்டுமாயின் ஆறாவதாக நுண்மதிக்கு வரலாம். நானறிந்த பிள்ளையொன்று ஈராண்டுகள் பின்வாங்கிலே "மந்தம்" என்று இருத்தப்பட்டிருந்தது. கரும்பலகை அதன் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை என்பது மூக்குக்கண்ணாடி கிடைத்த பின்னரே வெளியாயிற்று. புலன்காட்சி பற்றி அத்தனை பக்கங்கள் கற்ற ஆசிரியர் எவரும் அப்பிள்ளையின் புலனைப் பார்க்கவில்லை.

தீர்ப்பை மனத்தின் மேல் சுமத்திச் சூழலை மறக்கும் இப்பழக்கம் வகுப்பறையோடு நிற்பதில்லை. 1995 ஆம் ஆண்டளவில் இந்நாட்டில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். உலகின் மிகவுயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. மனத்திடம் குன்றிய சமூகம் என்று அன்று எளிதிற் பேசப்பட்டது. அவ்வாண்டிலும் 1998 இலும் கொடிய பூச்சிநாசினிகள் தடைசெய்யப்பட்டன. அடுத்த பத்தாண்டுகளில் வீதம் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. மக்களின் மனத்திடம் பத்தாண்டுகளில் இருமடங்காகவில்லை; வீட்டு மூலையில் இருந்த போத்தல் மாறியது. ஒரு கணத்தின் துயர், கைக்கெட்டும் பொருளைப் பொறுத்து உயிர் கொள்வதும் கொள்ளாததும் ஆகின்றது. மரக்கறித் தோட்டங்களும் மருந்து தெளிக்கும் பம்புகளும் நிறைந்த கந்தப்பளையில் இதனை விளக்கினால், மில்லின் வேற்றுமை முறையும் உளவியலும் ஒரே பாடத்தில் உயிர்பெறும். இவ்வெடுத்துக்காட்டு அறிமுகக் குறிப்புகளில் இடம்பெறாதது ஏன்?

மறுபுறத்தே, மேற்குலகப் பட்டியலைச் சாடும் எம்மவருட் சிலர் வேறொரு பட்டியலைக் கொணர்கின்றனர். உளவியல் யாவும் எம் முன்னோர் அன்றே அறிந்ததுதான், தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலே போதும் என்பது அவர்தம் கூற்று. மெய்ப்பாட்டியலின் பெருமையை யாம் மறுக்கவில்லை. அது செய்யுளில் உணர்ச்சி புலப்படும் வகையை ஆராயும் இலக்கண நூல், பரிசோதனை நூலன்று. அதனைப் பீடத்திலேற்றிப் பூசிப்பதும் வூண்டின் ஆண்டை மனனஞ் செய்வதும் ஒரே நோயின் இருவேறு வடிவங்கள். அதனைப் பயன்படுத்தும் முறை வேறு. அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாகத் தெய்வம், விலங்கு, கள்வர் ஆகியவற்றோடு தம்மை ஆளும் தலைவரையும் அந்நூலாசிரியர் நான்காவதாகச் சேர்க்கின்றார். தற்கால மனவெழுச்சி அத்தியாயங்களிற் பாம்பும் சிலந்தியும் அடிக்கடி வரும். ஆள்வோர்மீது கொள்ளும் அச்சம் அத்துணை எளிதில் வாராது. பெரட்டுக் களத்தில் விடியற்குளிரில் நின்றவர்களின் பிள்ளைகளுக்கு அந்நான்காவதன் பொருள் உடனே விளங்கும். அதிலிருந்து ஓர் ஆய்வு வினா பிறக்குமாயின் தொல்காப்பியருக்கு அதுவே உரிய மரியாதையாகும்.

அவ்வாறாயின் செய்யவேண்டியது யாது? முன்மாதிரி ஒன்று உண்டு. வியன்னாவுக்கு அண்மையில் மரியென்தால் என்றொரு ஆலைக் கிராமம், 478 குடும்பங்கள். நெசவாலை மூடப்பட்டதும் ஊர் முழுவதும் வேலையிழந்தது. யஹோடா, லாசார்ஸ்ஃபெல்ட், செய்சல் ஆகிய இளம் ஆய்வாளர்கள் 1931 ஆம் ஆண்டின் இறுதியில் அங்கு ஆய்வு தொடங்கி, 1933 இல் நூல் வெளியிட்டனர். தெருவிலே நடப்போரின் வேகத்தைக் கடிகாரம் கொண்டு அளந்தனர். ஆண்கள் நடை தளர்ந்து அடிக்கடி நின்றதைக் கண்டனர். நேரம் மிகுந்தும், கட்டணம் நீக்கப்பட்டும், நூலகத்தில் நூல் பெறுவோர் குறைந்ததைக் கணக்கிட்டனர். உதவிப்பணம் கிடைக்கும் நாளுக்கு முன்னும் பின்னும் பாடசாலைப் பிள்ளைகள் கொண்டுவந்த உணவைக் குறித்துக்கொண்டனர். இவை யாவற்றிலும் சிறந்தது அவர்கள் தமக்கு வகுத்த ஒழுங்கு: ஆய்வாளர் எவரும் வெறும் பார்வையாளராய் இருத்தலாகாது, ஊருக்குப் பயன்படும் பணியொன்றையும் ஏற்றல் வேண்டும். வேலையின்மை மனிதரைப் புரட்சிக்கு எழுப்பும் என்பதினும் சோர்வுக்கே ஆளாக்கும் என்ற கசப்பான உண்மையை அவர்கள் கண்டது இவ்வழியிலாகும்.

இவற்றுள் எதற்கும் விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மாணவர் தொகை அதிகம், விரிவுரையாளர் தொகை குறைவு என்னும் நியாயம் மெய்யாயினும், ஒரு கடிகாரமும் ஒரு குறிப்புப் புத்தகமும் எவரிடமும் உண்டு. எனவே யாம் வேண்டுவன இவை. முதற்பருவத்தின் முதல் ஐந்து வாரங்களில் வரைவிலக்கணம் எதுவும் எழுதுவிக்கப்படலாகாது. மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரிலோ விடுதியிலோ ஒரு நடத்தையைத் தெரிந்து, எண்ணி, குறித்து வருதல் வேண்டும். கவனிக்கப்படுவோரின் இசைவைப் பெறுதலும் அவர்தம் பெயரை மறைத்தலும் முதல் நாளிலேயே கற்பிக்கப்படல் வேண்டும். அக்குறிப்பேட்டுக்குப் பாதிப் புள்ளிகளேனும் வழங்கப்படல் வேண்டும். கண்ட முடிவு, கவனிக்கப்பட்ட மக்களுக்கு அவர் மொழியிலேயே திருப்பிக் கூறப்படல் வேண்டும். அவ்வாறு கூறும்பொழுதே எம் கலைச்சொற்கள் உயிருள்ளவையா உயிரற்றவையா என்பதும் புலனாகும்.

முற்சாய்வு என்னும் அத்தியாயத்துக்கு ஓல்போர்ட்டின் 1954 ஆம் ஆண்டு நூல் மேற்கோளாகக் காட்டப்படுவதுண்டு. விரிவுரை முடிந்து மண்டபத்தை விட்டு வெளியேறும் தாழ்வாரத்தில் "தோட்டக்காட்டான்" என்னும் சொல் இன்றும் காதில் விழுகின்றது. சொல்பவரும் அவ்வத்தியாயத்தை எழுதிச் சித்தியடையப் போகின்றவரே. தமிழர் எனத் திரண்டு ஆண்டு மலர் வெளியிடும் நாம் அத்தாழ்வாரத்தை எமது முதலாவது ஆய்வுகூடமாகக் கொள்ளலாகாதா? எத்தனை முறை, எவரால், எவர் முன்னிலையில், எவர் மௌனத்தோடு அச்சொல் உச்சரிக்கப்படுகின்றது என்று ஒரு பருவம் எண்ணிப் பார்ப்போம். விரிவுரையாளர் பெருமக்களும் எம்மோடு சேர்ந்து எண்ணட்டும். வரைவிலக்கணத்தை அதன்பின் எழுதிக்கொள்ளலாம்.